தங்கைக்கு நான் கொடுத்த ஞாபகம்

மிஸ், உங்கள் பாடத்துக்கு நான் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணி விரிவுரை என்றால் பாதி வகுப்பு எட்டே முக்காலுக்குத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேரும். நான் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கவே மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு கதிரையைப் பிடித்துவிடுவேன். இலேசாகப் புள்ளி எடுக்கலாம் என்றுதான் பலர் உளவியல் அறிமுகத்தைத் தெரிவுசெய்தார்கள். எனக்கு அந்தப் பாடம் உண்மையாகவே பிடித்திருந்தது.

ஆண்டிறுதி ஒப்படைக்கு நீங்கள் கொடுத்த தலைப்பு, இப்பாடத்தில் கற்ற ஒன்றை அன்றாட வாழ்வில் பயன்படுத்திய அனுபவம். ஸஃப்னா தன் பூனையை மணிச்சத்தத்துக்குப் பழக்கியதை நாலு பக்கம் எழுதினாள். நான், "ஞாபகம் பற்றிய விரிவுரைகள் தங்கச்சியின் கல்யாணத்துக்கு மிகவும் உதவின" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, மீதிக்குப் பாடக்குறிப்பையே நிரப்பிக் கொடுத்தேன். நீங்கள் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் "எப்படி?" என்று கேட்டு, இருபதுக்குப் பதினான்கு போட்டிருந்தீர்கள். விரிவாக எழுதித் தந்தால் மிச்சப் புள்ளியை யோசிக்கலாம் என்றும் சொன்னீர்கள். கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில் இருக்கிறது. வாப்பா சின்ன லொறியில் மரக்கறி ஏற்றுகிறவர். உம்மா வீட்டில். பிள்ளைகள் இரண்டு பேர்: நானும், என்னைவிட மூன்று வயது இளையவளான றிப்னாவும். உம்மா நானா என்று கூப்பிடும் ஒரே அண்ணன் ஜப்பார் மாமாவுக்கு மதுரங்குளியில் ஹாட்வெயார் கடை. அவருடைய மகன் நௌஃபர் மச்சான் முந்தலில் இறால் பண்ணை நடத்துகிறார். இந்தக் கதைக்கு இவ்வளவு பேரும் போதும்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்கள் ஆட்களைப் புலிகள் வெளியேற்றியபோது உம்மாவுக்கு ஏழு வயது. பதினைந்து வயது மாமாதான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு படகேறி, கற்பிட்டிக் கரையில் இறக்கினார். கையில் இருந்த ஒரு போத்தல் தண்ணீரில் தான் ஒரு மிடறும் குடிக்காமல் முழுவதையும் தங்கைக்கே கொடுத்தாராம். உம்மா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் எல்லோரும் ஒரு வான் வண்டி பிடித்து, மன்னார்ப் பக்கம் முசலிக்குப் பழைய காணியைப் பார்க்கப் போனோம். கூரையில்லாத வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, கட்டிக்கொண்டுபோன புரியாணியைச் சாப்பிட்டோம். அங்கே வைத்துத்தான் மாமா, "நஃபீஸா, என்ட மகனுக்கு ஒன்ட மூத்தவளத் தா" என்றார். உம்மா என் தலையில் கைவைத்து, "ஒங்களுக்கு இல்லாம வேற யாருக்கு நானா? ஆதிலா நௌஃபருக்குத்தான்" என்றார். எனக்கும் அப்போது ஏழு வயது. நான் புரியாணிக்குள் முட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். றிப்னா நாலு வயதுக் குழந்தை, வாப்பாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதுதான் வாக்கு. எங்கள் குடும்பத்தில் எழுத்து, சாட்சி எல்லாம் கிடையாது, வாய்ச்சொல் போதும்.

நௌஃபர் மச்சானைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஐந்து வேளையும் தொழுவார், சிகரட் இல்லை, உம்மாவுக்கு இறால் கொண்டுவந்து தருவார். பகிடியைச் சொல்லி முடிக்குமுன் தானே சிரித்துவிடுவார், அவ்வளவுதான். ஆனால் நான் கம்பஸ் வந்து இரண்டாம் மாதமே மாமா நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். "மருமகள் படிச்சது காணும். முதலாம் வருஷத்தோட நிப்பாட்டட்டும்" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். உம்மா அழவில்லை, ஏசவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். மூன்றாம் நாளும் எழும்பவில்லை. வாப்பா என்னைப் பார்த்த பார்வையில் நானே போய் "சரி உம்மா" என்றேன். உம்மாவின் வாக்கு முறியக் கூடாது, நானும் படிப்பை விடக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க ஒரு வழி இருக்கிறது என்பது உங்கள் ஐந்தாவது விரிவுரையில்தான் எனக்கு விளங்கியது.

ஞாபகம் என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருள் அல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சமைக்கிற கறி என்று சொன்னீர்கள். கேள்வி கேட்கிற விதத்திலேயே பதிலை மாற்றிவிடலாம் என்றும், நடக்காத ஒன்றைக் கூட மூன்று நான்கு தடவை நம்பிக்கையானவர் ஒருவர் கேட்டுவந்தால் அது நடந்ததாகவே மனதில் படியும் என்றும் சொன்னீர்கள். எல்லோரும் எழுதினார்கள். நான் இரண்டு அடிக்கோடு போட்டேன்.

முதலில் வாப்பா. அவர் எதற்கும் தலையாட்டுகிறவர் என்பதால் பயிற்சிக்கு ஏற்றவர். ஒரு சனிக்கிழமை தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, "வாப்பா, றிப்னாவ நௌஃபர் மச்சானுக்குப் பேசின நேரம் புரியாணி நம்மட வீட்லயா சமைச்ச, மாமி வீட்லயா?" என்று கேட்டேன். வாப்பா, "றிப்னாவா? ஒன்னத்தானே மகள் பேசின" என்றார். நான் மறுக்கவில்லை, சிரித்துவிட்டுப் புரியாணியைப் பற்றியே கதைத்தேன். இரண்டு கிழமை கழித்து அதையே வேறு விதமாகக் கேட்டேன். மூன்றாம் தடவை வாப்பா, "மாமி வீட்ல சமைச்ச. றிப்னாவ அண்டைக்குப் பேசினது நல்லாப் போச்சு, அவ மாமிக்கு ஏத்த புள்ள" என்றார். நான் அன்று பாயில் குப்புறப் படுத்துச் சிரித்தேன். பாடப்புத்தகத்தில் உள்ளது வீட்டில் அப்படியே நடப்பதைப் பார்க்கும் சந்தோஷம் உங்களுக்குத் தெரியாததா, மிஸ்.

உம்மாவுக்கு அது போதவில்லை. அவருக்கு அந்த நாள் கல்லில் வெட்டியதுபோல் இருந்தது. நல்ல காலம், முசலியில் எடுத்த ஒரு படம் அலுமாரிக்குள் இருந்தது. அதில் நௌஃபர் மச்சான் குனிந்து றிப்னாவின் கைக்குள் பாலைப்பழம் வைக்கிறார், உம்மாவும் மாமாவும் பின்னால் நின்று சிரிக்கிறார்கள். பயணக் களைப்பில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் நான் படத்தில் இல்லை. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு உம்மாவின் தையல் மெசினுக்கு மேலே மாட்டினேன். போகிற வருகிற நேரமெல்லாம், "இது வாக்குக் குடுத்த ஒடன எடுத்ததா, குடுக்க முதல் எடுத்ததா உம்மா?" என்று கேட்பேன். உம்மா முதலில், "இது வேற, வாக்கு வேற" என்றார். பிறகு, "ஒடன எடுத்தது போலதான்" என்றார். நோன்பு தொடங்குவதற்குள் அடுத்த வீட்டுப் பெண் மர்ளியா ராத்தாவிடம் படத்தைக் காட்டி, "இந்தப் பழத்த அவர் குடுக்கக்கொள்ளதான் நான் நானாக்கு வாக்குக் குடுத்த" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது உம்மாவின் கை ஒரு சின்னப் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல் காற்றில் அசைந்தது. தடவிய உயரம் நாலு வயதுப் பிள்ளையின் உயரம். அதைக் கண்டதும் என் கை தானாக என் தலைக்குப் போனது, அதை மறைக்கவில்லை.

மாமிக்கு வட்டிலப்பம் போதுமாயிருந்தது. அவர் வீட்டுக்கு வந்து றிப்னாவின் பெயரைச் சொன்னால் வட்டிலப்பம் உடனே வரும், நானும் பக்கத்தில் இருந்து சிரித்துச் சிரித்துக் கதைப்பேன். என் பெயரைச் சொன்னால் நரம்புக்கலத்தின் அமைப்பை விளக்கத் தொடங்குவேன். ஆறு வருகையில் மாமி என் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

ஜப்பார் மாமாதான் கடைசி. அவரிடம் நான் தனியாக ஒன்றும் செய்யவில்லை, கூட்டத்தை மட்டும் ஒழுங்குபண்ணினேன். பெருநாள் கழிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது மாமா, "அப்ப ஆதிலாட நிக்காஹ்வ எப்ப வெக்கிற?" என்றார். உம்மா ஆச்சரியமாகப் பார்த்து, "றிப்னாவத்தானே நானா பேசின" என்றார். வாப்பா, "ஓம் மச்சான், றிப்னாதான்" என்றார். மாமியும் வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டு, "இவருக்கு எல்லாம் மறதி" என்றார். மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த அறையில் சரியாக ஞாபகம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நானும் இருந்தேன், ஆனால் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் நெற்றியைத் தேய்த்து, "வயசு போகுது போல" என்று சிரித்தார். அதற்குப் பிறகு மாமா ஒரு கொப்பி வாங்கி எல்லாவற்றையும் எழுதி வைக்கிறாராம். நல்ல பழக்கம்தான்.

இனி றிப்னா.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னைவிட அவள் கெட்டிக்காரி. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் அதிகம் எடுக்காத கணிதப் பிரிவில் உயர்தரம் படித்தாள். பாலம் கட்டுகிற பொறியியலாளராக வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். பரீட்சை எழுதி முடித்து, பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலத்தில்தான் வீட்டில் தன் பெயர் அடிபடுவது அவள் காதில் விழுந்தது. நேரே என்னிடம் வந்தாள். "ராத்தா, ஒங்களத்தானே பேசின? நான் சின்ன வயசில இரிந்து அப்படித்தானே கேள்விப்பட்டிரிக்கன்?"

அவள் எதற்கும் நிறுவல் கேட்கிறவள். அதனால் அவளுக்கு ஒரு தாளில் நாலு சம்பவம் எழுதிக் கொடுத்தேன். மூன்று உண்மை, ஒன்று நான் சமைத்தது. அவள் கிணற்றடியில் வழுக்கியது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது, வாப்பாவின் லொறியில் தூங்கிப்போனது எல்லாம் உண்மை. நாலாவது, நௌஃபர் மச்சான் வருகிற நாள்களில் அவள் வாசலிலேயே நின்று, "நான் மச்சானத்தான் முடிப்பன்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தது. "நல்லா யோசிச்சுப் பாரு, ஞாபகம் வரும்" என்றேன். வரவில்லை என்றாள். அவசரமில்லை என்றேன். அடுத்த தடவை நான் வீட்டுக்கு வந்தபோது, "மச்சான் அப்ப சிவப்புச் செருப்புப் போட்டிருந்தாரா ராத்தா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்தச் சிவப்புச் செருப்பு என் எழுத்தில் எங்கேயும் இல்லை, அது முழுக்க அவளுடையது. விரிவுரையில் நீங்கள் காட்டிய எந்த உதாரணமும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

பெறுபேறு வந்தது. இரண்டு ஏ, ஒரு பி. புத்தளம் மாவட்டத்துக்கு அது பொறியியலுக்குத் தாராளமாகப் போதும். வாப்பா அயலுக்கெல்லாம் தொதல் கொடுத்தார். றிப்னா சிவப்புச் செருப்பை ஒரு நாளில் மறந்து, விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். "நிக்காஹ் நடக்கட்டும் ராத்தா, ஆனா நான் படிக்கத்தான் போவன். மச்சானும் ஒண்டும் செல்ல மாட்டார்" என்றாள். உண்மையும் அதுதான், நௌஃபர் மச்சான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மாமாதான் சொன்னார். "ஒரு வீட்ல ரெண்டு பேரும் கம்பஸ் போனா என்ட மகனுக்குச் சோறு யாரு போடுற? இளையவ படிக்கத்தான் போறெண்டா போகட்டும், மூத்தவ நிப்பாட்டிட்டு வரட்டும். யாரா இரிந்தாலும் எனக்குச் சரி."

இவ்வளவு பாடுபட்ட பிறகு விஷயம் மறுபடி என் தலையில் வந்து விழப் பார்த்தது. நீங்களே சொல்லுங்கள், எனக்கு வேறு என்ன வழி இருந்தது?

றிப்னா படிவத்தை நிரப்பி, கையெழுத்து வைத்து, ஒரு பழுப்பு உறையில் போட்டு, முகவரியை அச்சு எழுத்தில் எழுதி என்னிடம் தந்தாள். நான் கம்பஸுக்குத் திரும்புகிற வழியில் புத்தளத்தில் பதிவுத் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. "ராத்தா, ஒங்களயே நம்பித் தாரன்" என்று பகிடிக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் புத்தளத்தில் இறங்கினேன். தபாற்கந்தோருக்கு முன்னால் ஒரு பழச்சாறு குடித்தேன். அடுத்த பஸ் வந்தது, ஏறிவிட்டேன். உறை இப்போதும் விடுதியில் என் உடுப்புகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு சுருக்கம் கூட விழவில்லை.

முடிவுத் திகதி கழிந்து மூன்றாம் வாரம் அவள் பதிவுத் துண்டைக் கேட்டாள். "என்ன புள்ள, நீதானே போட வேணாமெண்டு செல்லிக் கோல் எடுத்தாய்" என்றேன். நான் மெதுவாக நினைவூட்டினேன். மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எடுத்தாய், பின்னால் ஹோர்ண் சத்தமாக இருந்தது, யோசித்துப் பார்த்தேன் ராத்தா, எனக்குக் கல்யாணம் முடித்து வீட்டில் இருக்கத்தான் விருப்பம், உம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நீங்கள் போடாமல் விடுங்கள் என்று சொன்னாய். அவள் மதுரங்குளிக்குப் போனது உண்மை, ஹோர்ண் சத்தமும் உண்மை. எனக்கு அன்று கோல் எடுத்ததும் உண்மை, மாமி வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்கத்தான் எடுத்தாள். மூன்று உண்மைக்கு ஒன்று என்ற அளவை நான் மாற்றவில்லை.

அவள் இரண்டு நாள் போனைத் திறந்து அந்தக் கோல் எத்தனை நிமிடம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். நாலு நிமிடம். நாலு நிமிடத்தில் எல்லாம் சொல்லலாம். மூன்றாம் நாள் காலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் சென்னதுதான் ராத்தா. செல்லக்கொள்ள அழுததும் இப்ப ஞாபகம் வருது" என்றாள். நான் அவளை அணைத்துக்கொண்டேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அந்த நேரம்தான் எனக்கே தெரிந்தது.

நிக்காஹ் வெகு சிறப்பாக நடந்தது. எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. நானே அவளுக்கு மருதோன்றி போட்டேன். நௌஃபர் மச்சான் மேடையில் ஏதோ பகிடி சொல்லப்போய்த் தானே சிரித்தார், அவளும் சிரித்தாள். உம்மா வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் பத்து வயது குறைந்தவர்போல் ஓடித் திரிந்தார். மாமா தன் கொப்பியில் திகதியை எழுதினார். அந்தப் பந்தலில் சந்தோஷமில்லாத ஒரு முகத்தை நான் காணவில்லை.

ஆய்வில் பங்குபற்றுகிறவரிடம் முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும், முடிந்ததும் உண்மையை விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற விரிவுரையை நீங்கள் கல்யாணத்துக்கு அடுத்த கிழமைதான் எடுத்தீர்கள். அது பாடத்திட்டத்தில் கடைசிக்குக் கடைசியாக இருக்கிறது. வரும் ஆண்டில் அதைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்தால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும், குறையாகச் சொல்லவில்லை. அன்று விடுதிக்குப் போய் உறையை எடுத்துப் பார்த்தேன். விளக்கிச் சொல்வதென்றால் யாருக்குச் சொல்வது? எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறவர்களைக் குழப்புவது எந்த நெறிமுறை? அதோடு, இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்போது எனக்கே அந்தக் கோல் கேட்கிறது. ஹோர்ண் சத்தத்துக்கு நடுவே அவள் விம்முவது கேட்கிறது. அப்படி ஒன்று நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கிறது.

சென்ற மாதம் மாமா மகனையும் மருமகளையும் உம்றாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். கேட்டவருக்கு மனதாரப் பொறுத்தேன் என்று சொன்னால்தான் அவர்கள் பயணம் நிறைவாகும். றிப்னா எல்லா வீட்டுக்கும் போய்விட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். நாலு மாத வயிறு, முகத்தில் நல்ல களை. கதவைச் சாத்திவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"ராத்தா, ஒங்களுக்குப் பேசின மாப்பிள்ளய நான் எடுத்திட்டன் போல எனக்கு ஒரு எண்ணம் இரிக்கி. எல்லாரும் இல்லெங்கிறாங்க, ஆனா மனசுக்குள்ள இரிக்கி. சின்ன வயசில இரிந்து மச்சான் மேல நான் ஆசப்பட்டதாலதான் நீங்க விட்டுத் தந்தீங்களோ தெரியல. அதோட அந்தப் படிவத்த நிரப்பி, ஒங்கள்ட்டத் தந்து, பொறகு வேணாமெண்டு செல்லி ஒங்கள அலக்கழிச்சிட்டன். எல்லாத்துக்கும் பொறுத்துக்கங்க."

அவள் அழுதாள். நானும் அழுதேன். எங்கள் வீட்டில் ஒருவர் அழுதால் மற்றவரும் அழுவோம். என் விடுதி அறையில் உள்ள உறையைப் பற்றி அந்த நேரம் எனக்கு ஒரு நினைவும் வரவில்லை, அதை ஆணையிட்டுச் சொல்வேன். அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு, மனதாரப் பொறுத்தேன் என்று சொன்னேன். அப்படித்தான் பொறுத்தேன், மிஸ். அவள் மேல் எனக்கு இப்போது ஒரு துளி வருத்தமும் இல்லை.